நாற்பத்தோராவது பட்டறை

விரிகுடாப் பாலத்தின் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் நடுவே வைக்கவேண்டிய, பாரம் தாங்கும் பேரிங்குகளை ஏற்றி வந்த கப்பல், போர் மூண்டதால் பாதி வழியில் நின்றுவிட்டது. கொள்முதல் அதிகாரி பூங்கோதை பதறவில்லை. அம்பத்தூர் லேத்துப் பட்டறை ஒன்றில் அதே அளவில் ஒரு செட் செய்யச் சொல்லி, போன வருடமே வாங்கி வைத்திருந்தாள். அன்று அதைப் பார்த்துச் சிரித்த தலைமைப் பொறியாளர், இன்று ஒவ்வொன்றின் மீதும் தானே எடை ஏற்றிச் சோதித்தார். ஒன்றிலும் கீறல் விழவில்லை.

"இந்தப் பட்டறைக்காரங்கள எங்கம்மா புடிச்சீங்க?"

"நாப்பத்தோரு பட்டறை ஏறி இறங்கினேன் சார்."

முதல் உத்தரம் மெல்ல இறங்கி, மயிரிழை பிசகாமல் அமர்ந்தது. பூங்கோதை பட்டறைக்காரர் சவரிமுத்துவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, ஒக்காந்துடுச்சு."

 மறுமுனையில் லேத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு யாரோ நீளமாக விசிலடித்தார்.