உடைய வேண்டிய ஆக்சில்

பச்சை கேட்டுக்குக் கொஞ்சம் கீழே, நல்ல ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினார் சர்வேயர்.

ஓய்வு பெற்று நாளாகிவிட்டாலும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். முதல் கியரைப் போட்டார். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தார்.

இப்போது உடைய வேண்டும்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தான். "சார், இன்ஜினை மட்டும் பெருசாப் போட்டா ஆச்சா? பின்னாடி இருக்கிற ஆக்சில் அந்தக் காலத்துச் சின்ன இன்ஜினுக்குச் செஞ்சது. சமதரையில தாங்கும். ஏத்தத்துல நிறுத்தி ஒரு மிதி மிதிச்சீங்க, பட்டுனு முறிஞ்சிரும். அப்புறம் சக்கரம் சுத்தாது. நின்ன இடத்துலயே நிக்க வேண்டியதுதான்."

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். சர்வேயருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்ஜினை மாற்று, மற்ற எதையும் தொடாதே என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தார்.

பழைய இன்ஜின் இந்த மலை ஏறாது. ஒரு தடவை முயன்று, பாதி வழியில் திணறி, வந்த வழியே இறங்கிப் போயிருக்கிறார். அங்கே நின்று என்ன பிரயோஜனம்? வண்டி நிற்க வேண்டிய இடம் மேலே, கடைசி வளைவில், பச்சை கேட் போட்ட வீட்டு வாசல்.

மகள் வீடு.

தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பிய அன்று, நானாக உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தார். மனைவி இருந்தவரை இந்தப் பக்கத்துச் சேதி அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துச் சேதி இந்தப் பக்கமும் போய்வந்தது. அவள் கண்ணை மூடிய பிறகு அதுவும் நின்றுபோனது. மகளைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்ன சொல் குறுக்கே படுத்துக் கிடந்தது.

நானாகப் போக மாட்டேன் என்றுதானே சொன்னார். வண்டி கொண்டுபோய் விட்டால் அது வேறு விஷயம்.

வண்டி ரிப்பேர் என்று சும்மாவே சொல்லி இறங்கியிருக்கலாம். ஆனால் பொய் அவருக்கு வராது. வாயைத் திறக்கும் முன்பே காது சிவந்துவிடும். அந்தக் காதைப் பார்த்தே, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மகள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். அதனால்தான் நிஜமாகவே உடைய வேண்டும்.

உடையவில்லை.

அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி வண்டி ஒரு துள்ளு துள்ளி, பச்சை கேட்டைத் தாண்டி, வளைவைத் தாண்டி, உச்சிக்கே போய் நின்றது.

திருப்பிக்கொண்டு இறங்கினார். அதே ஏற்றத்தில் நிறுத்தி, இன்னும் மூர்க்கமாக மிதித்தார். மறுபடியும் உச்சி.

உச்சியிலிருந்தே மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "ஏம்பா, அந்த ஆக்சிலை என்ன பண்ணித் தொலைச்சே?"

"கோச்சுக்காதீங்க சார். இந்த வயசுல நீங்க நடு ரோட்டுல நின்னா எனக்குத் தூக்கம் வருமா? கெட்டியானதாப் பார்த்து ஒண்ணு மாத்திட்டேன். இனி இந்த ஜென்மத்துக்கும் உடையாது."

நல்லது செய்தவனைத் திட்டவும் முடியவில்லை. போனை வைத்தார். ஊரில் இருக்கிற மெக்கானிக்குகளில் சொன்ன வேலையைவிட ஒரு வேலை கூடுதலாகச் செய்கிறவன் இவன் ஒருவன்தான். அவன்தானா இவருக்கு வாய்க்க வேண்டும்!

சரி, வீட்டுக்குப் போகலாம். போகிற வழியில் அந்த கேட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். மெதுவாக இறங்கினார்.

கேட் திறந்திருந்தது. மகள் நடுவில் நின்றிருந்தாள். தோளில் ஈரத் துண்டு. முன்னைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

அவருடைய கால் தானாக பிரேக்கை மிதித்தது. கேட்டுக்கு முன்னால் இருந்த சிறு சமதரையில் வண்டி நின்றது.

ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். "இன்ஜின் சத்தம் புதுசா இருக்கேன்னுதான் முதல்ல விட்டுட்டேன். ஆனா ரெண்டாவது கியரை இப்படிக் கரகரன்னு போடுற ஆள் உலகத்துல ஒருத்தர்தான். ஏம்ப்பா மேலயும் கீழயுமா போய்க்கிட்டே இருக்கீங்க?"

இன்ஜின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேரும்மா."

காது சுடுவது அவருக்கே தெரிந்தது.

மகள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு ஒரு தடவை கோணி, சரியானது. கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"ஆமாப்பா, பெரிய ரிப்பேர்தான். சரி பண்ண ரொம்ப நாள் ஆகும். இறங்குங்க, உள்ள தள்ளிருவோம்."

புது இன்ஜின் நல்ல கனம். நன்றாக ஓடக்கூடிய வண்டியை அப்பாவும் மகளும் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.