துனிசியாக்காரி

"நவாலுக்குக் கல்யாண ரயில் போனது மட்டுமில்ல, தண்டவாளத்தையே பேத்துப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. எப்படியிருக்கு?" கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள் இனாஸ்.

அண்ணன் மித்ஹத்துக்கு வாயிலிருந்த இனிப்பு புரையேறியது. "போடு, போடு. குழுவே விழுந்து சிரிக்கும்."

நோன்பு திறந்து, அன்றைய தொலைக்காட்சித் தொடரும் முடிந்திருந்தது. தொடரில் நவால், நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவள். அந்தத் தொடரின் ரசிகர் குழுவை நடத்துவது இனாஸ்தான். நவாலைப் பற்றி எந்தக் கேலி கெய்ரோ முழுக்கப் பரவினாலும், பெரும்பாலும் அது இனாஸ் எழுதியதாகத்தான் இருக்கும்.

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் இருந்த அந்த வீட்டில் மூத்தவள் சுஹைர் தனியாக இருந்தாள். பெற்றோர் போன பிறகும் ரமலானில் தம்பியும் தங்கையும் நோன்பு திறக்க அங்கேதான் வருவார்கள். சுஹைருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி மூவரும் பேசுவதில்லை.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சுஹைரைப் பார்த்ததும் இனாஸின் குரல் தாழ்ந்தது. "அக்கா, இது நவாலைச் சொன்னது."

"தெரியும்டி. நல்லாத்தான் இருக்கு, போடு." சுஹைர் சிரித்தாள். அவள் எப்போதும் சிரித்துவிடுவாள்.

"நீயும் குழுவுல சேர்ந்துக்கோயேன்."

"எனக்கு எதுக்கு அந்த வம்பெல்லாம்? டீ போட்டுக் கொண்டு வரேன்." அடுக்களைக்குப் போனாள்.

இனாஸ் கேலியைப் பதிவிட்டாள். சிரிப்புகள் குவிந்தன. சற்று நேரத்தில் அவள் உதட்டைச் சுழித்தாள். "வந்துட்டா துனிசியாக்காரி."

"அந்த ஒல்ஃபாவா? மறுபடியுமா?"

"ஒரு வாரமா விடமாட்டேங்குறா. அதுவும் செய்தி வாசிக்கிற மாதிரி இலக்கண அரபியில."

"அவங்க ஊர்ப் பேச்சுல எழுதினா நமக்கு ஒரு மண்ணும் புரியாதே, அதான்," என்றான் மித்ஹத். "அந்த ஊர்ப் பொம்பளைங்களே அப்படித்தான். எல்லாத்துக்கும் சட்டம் பேசுவாங்க. நம்ம கிண்டல் அவங்களுக்குப் புரியாது. ரத்தம் கனம்."

சிரிக்கத் தெரியாதவளுக்குக் கெய்ரோவில் அதுதான் பட்டம். ஆனால் ஒல்ஃபா வெளியூர்க்காரி. அதனால் குழுவில் யாரும் அவளை முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லவில்லை. 'சகோதரி, இது எங்கள் ஊர் வேடிக்கை, தவறாக நினைக்காதீர்கள்' என்று இனாஸே பலமுறை பொறுமையாக விளக்கியிருந்தாள்.

"என்னதான் எழுதியிருக்கா? படியேன்."

இனாஸ் தனக்குள்ளேயே படித்தாள்.

'நேற்று நவாலின் கல்யாணக் கோப்பைகளைக் கேலி செய்தீர்கள். அப்படியொரு பெட்டி வைத்திருக்கும் பெண் ஒருத்தியைக்கூட உங்களுக்குத் தெரியாதா? அவள் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? அவளே அதில் தேநீர் குடிக்கட்டும்.'

இனாஸுக்கு முகம் சுட்டது. தொடரில் நவாலிடம் கோப்பைப் பெட்டியே கிடையாது. கட்டிலுக்கடியில் பிரிக்காமலேயே ஓய்வூதிய வயதை எட்டிய கோப்பைகள் என்று எழுதியபோது, அவள் மனதில் இருந்தது பக்கத்து அறையில் இருக்கும் கட்டில்தான். சுஹைரின் கல்யாணத்துக்கென்று அம்மா ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை அவை. ஊரைச் சிரிக்க வைக்க இந்த வீட்டிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அதை எங்கோ துனிசியாவில் உட்கார்ந்திருப்பவள் எப்படிக் கண்டுகொண்டாள்?

நேற்றைய கேலியை அழித்துவிடலாம் என்று விரல் போனது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புகள். விரல் நின்றது.

"என்ன யோசனை?" என்றான் மித்ஹத்.

"இவளைக் குழுவை விட்டு அனுப்பிடலாமான்னு பார்க்குறேன்."

"அனுப்பு. நிம்மதி."

ஒல்ஃபா எழுதியதை அழித்தாள். ஒல்ஃபாவையும் நீக்கினாள். வெட்கம் மட்டும் போகவில்லை. தான் செய்ததைப் பார்த்துவிட்ட ஒருத்தியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போல இருந்தது.

சுஹைர் தேநீர்த் தட்டோடு வந்தாள். வழக்கமான கண்ணாடித் தம்ளர்கள் இல்லை. மெல்லிய வெள்ளைக் கோப்பைகள், தங்க விளிம்பு. அப்போதுதான் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

"அக்கா, இது உன் பெட்டியில இருந்ததாச்சே."

"ஆமா. யாருக்காகக் காத்திருக்கணும்?"

இனாஸ் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வரியை அவள் அண்ணனுக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை.

"அக்கா, நீ..."

சுஹைர் ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். "நான் நானாவே சொல்லியிருந்தா ரத்தம் கனம்னு சிரிச்சுட்டுப் போயிருப்பீங்க. துனிசியாக்காரின்னதால ஒரு வாரமாவது பதில் சொன்னீங்க. சர்க்கரை போதுமா பாரு."