கே என்றால் கொரியா

இசைப் பெயர்ச் சான்று அலுவலகத்துக்குக் கனகவல்லி மகளுடன் மூன்றாவது நாளாக வந்திருந்தாள். சனிக்கிழமை மகள் தமயந்தியின் முதல் மேடை. பாட்டு வகைக்கு என்ன பெயர் என்று சான்று இல்லாமல் அரங்கத்தைத் திறக்க மாட்டார்கள்.

“கே-பாப்னு போட முடியாதும்மா. கேன்னா கொரியா. அங்க பிறந்தவங்க பாடினாத்தான் அந்தப் பேர். திருநெல்வேலி அல்வா மாதிரி,” என்றார் எழுத்தர்.

“அந்தப் பேரே வெளிநாட்டுக்காரங்க வச்சதுதான் சார். கொரியாக்காரங்க அப்ப வெறும் கயோ, அதாவது பாட்டுன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. நேத்தே சொன்னேனே!”

“அதைக் கொரியாகிட்ட சொல்லுங்க. பொண்ணு எங்க பிறந்தது?”

“திருமழிசை. ஆனா மூணு வயசுலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர்ல கொரியப் பயிற்சி விடுதி. பதினஞ்சு வருஷம் சார்! வருஷத்துக்கு ஒரு வாரம்தான் வீட்டுக்கு விடுவாங்க.”

எழுத்தர் அலுப்புடன் திரையைத் தட்டினார். “திருமழிசைன்னா தமிழ்ப் பாட்டுன்னு சான்று தரலாம். மேடையில எதை வேணா பாடிக்கட்டும். இங்க மட்டும் இந்த மைக்குல நாலு வரி தமிழ்ல பாடிக் காட்டணும்.”

“இவ்வளவுதானா? இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” கனகவல்லி மகளை முன்னால் தள்ளினாள். “பாடுடி.”

தமயந்தி மைக்கைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, பதற்றத்துடன் ஏதோ கேட்டாள்.

“என்னம்மா கேக்குது பொண்ணு?” என்றார் எழுத்தர்.

“இருங்க சார்!” என்று எரிந்து விழுந்தாள் கனகவல்லி. அவள் கைப்பேசி இன்னும் மொழிபெயர்த்து முடிக்கவில்லை.