சுப்பராயலுவின் கண்ணாடி

"மறுபடியும் கண்ணாடிய தொலைச்சிட்டீங்களா? நல்லவேள, தலைய கழட்டி வைக்க முடியாது."

"தறி மேலதாண்டி வச்சேன்."

போன மாதம் மனைவி கற்பகத்துடன் நடந்த பேச்சு, இன்றும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த சுப்பராயலுவுக்கு நினைவு வந்தது. கண்ணாடி இல்லாமல் பட்டு இழை அவருக்குத் தெரியாது. அவர் நெய்யாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடை இழை ஓட்டும் நாடாவைப் போடும் கற்பகத்துக்கும் வேலை ஓடாது.

தேடி ஓய்ந்தவர் சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பினீங்க?"

"வேலூருக்கு, டாக்டர பாக்க. எங்கப்பாவும் இப்படித்தான் மறக்க ஆரம்பிச்சாரு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு. பயமாகீதுடி."

கற்பகத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அரிசி டப்பாவிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"உங்களுக்கு மறதியெல்லாம் இல்லீங்க. ஒவ்வொரு வாட்டியும் நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"ஏண்டி?"

"அமாவாசைக்கு மட்டுந்தான் தறி நிக்குது. நீங்க தேடிகினு இருந்தா, நான் கொஞ்சம் முதுக சாய்ப்பேன்."

அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். இத்தனை வருடமாகக் கேட்காததைக் கற்பகம் மெல்லக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையும் தறிக்கு லீவு வுடலாமாங்க?"