திருப்பிப் போடுங்க

"எங்கம்மா எறங்கணும், சொல்லித் தொலையேன்" என்றார் கண்டக்டர்.

சாமிதுரை பெண்டாட்டி வாயைத் திறந்தாள். மூடினாள்.

அவள் இறங்க வேண்டிய ஸ்டாப்பின் பெயர் சாமிதுரை களம்.

எந்தக் காலத்திலோ எந்தச் சாமிதுரையோ நெல்லடித்த களம். அந்த ஆளுக்கும் அவள் புருசனுக்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் பெயர் பெயர்தானே? புருசன் பேரை ஒரு தடவை வாயால் சொன்னால் அவன் ஆயுசில் ஒரு வருசம் கரையும் என்று கல்யாணத்தன்றே அவள் அம்மா காதில் ஓதி அனுப்பியிருந்தாள்.

அதனால் பெரம்பலூர் போய்த் திரும்பும்போதெல்லாம் அடுத்த ஸ்டாப்பான கல்லுப்பாலத்துக்கு டிக்கெட் எடுப்பாள். அங்கே இறங்கி வெயிலில் திரும்பி நடப்பாள். அந்த நடையையெல்லாம் ஒன்றாக நீட்டிப் போட்டால், காசிக்குப் போய், கங்கையில் முழுகி, ஈரத்தலையோடு வீடு வந்து சேர்ந்திருக்கலாம்.

இன்றைக்கு நடக்க முடியாது.

இன்றைக்குத்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆரம்பம். சமைக்கிறவள் அவள். அரிசி பருப்பு பூட்டியிருக்கும் அறையின் சாவியை இப்போதுதான் பெரம்பலூர் ஆபீசில் வாங்கி, முந்தானையில் முடிந்திருந்தாள். கல்லுப்பாலம் போய் நடந்து வந்தால், உலை கொதிக்கும் முன்பே மத்தியான மணி அடித்து ஓய்ந்துவிடும். காலையிலும் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கண்டக்டரோ புதுசு. பஸ்ஸில் அவள் ஊர்க்காரர் ஒருத்தர்கூட இல்லை.

"அதாங்க... நாம கும்புடுவோமே, அதுவும் வெள்ளைக்காரனும் சேந்தாப்புல இருக்குமே, அந்த ஸ்டாப்பு."

"மாதாகோயிலா?"

"அய்யோ, இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு பேரு."

பஸ்ஸுக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. வெற்றிலைக் கூடைக்காரி ஒருத்தி, "முருகன் கவர்னரு!" என்றாள். பொடி மட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "துரைசாமி!" என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கிட்ட வந்துட்டீங்க தாத்தா! அத அப்புடியே திருப்பிப் போடுங்க!"

"இந்த ஒத்த ரோட்டுல பஸ்ஸ எங்கம்மா திருப்பறது?" என்றார் டிரைவர், முன்னாலிருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் குரும்பலூர் தாண்டிவிட்டது. புளியமரங்கள் பின்னால் ஓடின.

பள்ளிக்கூடம் தெரிந்தது.

மதில்மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அலுமினியத் தட்டு. பஸ்ஸைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். தட்டுகளில் பட்ட வெயில் மொத்தமும் அவள் கண்ணில் வந்து குத்தியது.

பஸ் நிற்கவில்லை.

அவள் சாவி முடிச்சை இறுக்கிப் பிடித்தாள்.

"சாமிதுரை! சாமிதுரை களம்! நிப்பாட்டுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தம் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. டிரைவர் பிரேக்மேல் ஏறியே நின்றார். பெரியவரின் பொடி பறந்து, பஸ் மொத்தமும் ஒன்றாகத் தும்மியது. பச்சைமலையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்ததாகப் பேச்சு.

இறங்கி ஓடினாள். ஓட ஓடத்தான் உறைத்தது. ரெண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ரெண்டு வருசம்!

பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில், அவள் அடுப்புக்குத் தான் பிளந்து போட்ட விறகுக்குப் பக்கத்தில், சாமிதுரை மல்லாந்து கிடந்தான். முகத்தில் துண்டு. கை கால் அசையவில்லை.

பாவி மனுசன், மொத்தமே ரெண்டு வருசந்தான் மிச்சம் வைத்திருந்தானா?

"ஏங்க" என்றாள். அசைவில்லை. "என்னங்க." அதற்கும் இல்லை.

இதற்குமேல் போவதற்கு என்ன இருக்கிறது? குனிந்து, காதோரமாய் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"சாமிதுரை!"

"வந்துட்டேன் சார்!"

துண்டு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கமாகத் துள்ளி எழுந்து நின்றான். கன்னத்தில் தூங்கின வடு.

அவள் பொத்தென்று விறகின்மேல் உட்கார்ந்தாள். அழப் போனாள், சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தடவை சொல்லியாயிற்று. ஆள் குத்துக்கல்லாட்டம் நிற்கிறான். காலையில் பார்த்ததற்கு ஒரு சுற்று பெருத்த மாதிரிகூட இருந்தது.

"நீயா கூப்புட்ட?"

"ஆமா. பஸ்ஸுலயுந்தான் கூப்புட்டேன். இந்நேரம் துறையூர் வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

சண்டை வரும் என்று பிள்ளைகள் ஆசையாகக் காத்திருந்தார்கள். அவனோ விறகை அள்ளிக்கொண்டு அடுப்பைப் பார்க்க நடந்தான்.

பூட்டு திறந்தது. உலை கொதித்தது. மணி அடித்தபோது சோற்றின் ஆவி கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி எழும்பியது.

கடைசித் தட்டும் நிறைந்த பிறகு, விறகு மறைவிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. கட்டிய நாளிலிருந்து அவளை அவன் "இந்தா" என்பான், இல்லாவிட்டால் "ஏ புள்ள" என்பான். ஊருக்கு அவள் சாமிதுரை பெண்டாட்டி. இந்தக் கதைக்கும் இதுவரை அப்படித்தான்.

"வேம்பு... நீயும் ரெண்டு வாய் சாப்புடேன்."

நாலு தெரு தள்ளி எறும்பு தும்மினாலும் கேட்கிற காது அவளுக்கு.

"என்னது? சரியாக் கேக்கல" என்றாள்.