குல்மார்க் வீரர்

"ஸ்னோ பைக்குன்னா நம்ப ஊரு மொபெட்டுன்னு நெனச்சிக்கினீங்களா? சக்கரமே கெடையாதுங்க. முன்னாடி ரெண்டு சறுக்குக் கட்டை, பின்னாடி பீரங்கி வண்டிக்கு இருக்கற மாதிரி ஒரு பட்டை. ஒரு அமுக்கு அமுக்கினா பறக்கும்!"

சொல்லிவிட்டு, சந்தனம் இன்னும் காயாத மொட்டைத் தலையைப் பெருமையாகத் தடவிக்கொண்டார் கஜபதி. திருத்தணி மலையிலிருந்து இறங்கி, நேராகப் பெண் பார்க்க வந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன், மாப்பிள்ளை எழிலன். ஜெல் தடவி நிமிர்த்திய முடி கலைந்துவிடாதபடி, மின்விசிறிக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"மொட்டை... ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா சந்திரமோகன்.

"வேண்டுதலா? பன்னெண்டு பவர்லூம் ஓடுது. சாமிகிட்ட கேக்கறதுக்கு எனக்கு என்னாங்க கொறை? நானா பாத்து முருகனுக்குக் குடுத்தது."

முருகனுக்கு உதவி செய்யக் கூடிய மனிதர் என்று சந்திரமோகன் மரியாதையாகத் தலையாட்டினார். மகள் கவிப்பிரியாவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. இந்தப் பையனைத்தான் அவளே "சரி" என்று சொல்லியிருந்தாள். இதுவும் கைநழுவக் கூடாது.

"அப்புறம் என்னா ஆச்சுங்க?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"போன மாசம், மார்கழிக் குளிரு. நானும் சிநேகிதனுங்க மூணு பேரும் காஷ்மீரு போயிருந்தோம். தால் ஏரியில படகு சுத்தற வரைக்கும் நல்லாத்தான் இருந்தானுங்க. குல்மார்க் வந்ததும் ரூமுல போத்திக்கினு படுத்துட்டானுங்க. நான் மட்டும் வண்டிய எடுத்தேன். பாதி மலையில பாக்கறேன், ஒரு வண்டி கவுந்து கெடக்குது. பக்கத்துல ஒருத்தன் இடுப்பு வரைக்கும் பனியில பொதைஞ்சி, கொழந்தையாட்டம் அழுவறான். என்னா பாஷையோ, ஒரே கத்தல்!"

"ஐயையோ!"

"நான்தான் புடிச்சி இழுத்து, என் வண்டியில பின்னால ஏத்தி, கீழ கொண்டாந்து வுட்டேன். வழி பூரா என்னைக் கட்டிப்புடிச்சவன் விடவே இல்லியே, படுபாவி!"

"யாருன்னு மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள் கவிப்பிரியாவின் அம்மா பத்மா.

"எங்கம்மா பாக்கறது? அங்க எல்லாருக்கும் வாடகைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரைக்கும் குல்லா. பெத்த தாயே எதிர்ல வந்தாலும் தெரியாது."

காபி வரத் தாமதமாயிற்று. உள்ளே டவரா உருளும் சத்தம் கேட்டது. கஜபதி தொண்டையைச் செருமினார்.

"சரி, விஷயத்துக்கு வருவோம். நகை, பணம் ஒண்ணும் எனக்கு வேணாம். ஒண்ணே ஒண்ணுதான். சிநேகிதிங்களோட டூரு கீருன்னு சுத்தற பொண்ணு நம்ப குடும்பத்துக்கு ஆவாது. அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம். நெஞ்சுல தைரியம் வேணும், பாருங்க."

சந்திரமோகன் பத்மாவைப் பார்த்தார். பத்மா சமையலறையைப் பார்த்தாள்.

"ஆங்... எங்க பொண்ணு ஆபீஸ் வுட்டா வீடு, வீடு வுட்டா ஆபீஸ்" என்று சந்திரமோகன் மென்று விழுங்கினார். "இங்க பக்கத்துல இருக்கற கனகம்மாசத்திரம் போறதுன்னாக்கூட..."

அதற்குள் கவிப்பிரியா காபித் தட்டோடு வந்துவிட்டாள். குனிந்த தலை நிமிராமல் கஜபதியிடம் தட்டை நீட்டினாள்.

"அடக்கமான பொண்ணு" என்று மெச்சியபடி டம்ளரை எடுத்தார் அவர்.

"உள்ள இருந்து உங்க குரலைக் கேட்டதுமே தெரிஞ்சிக்கினேன் மாமா" என்றாள் அவள். பிறகு மெல்ல நிமிர்ந்து, எழிலனின் தலைமுடியைப் பார்த்தாள். "அன்னைக்கி குல்மார்க்ல என் வண்டி பின்னால ஒக்காந்துகினு, 'தணிகாசலா, உசுரோட எறக்கிவுட்டா நானும் எம்புள்ளையும் மொட்டை போட்டுக்கறோம்'னு கத்திக்கினே வந்தீங்களே... ஒரு மொட்டைதான் போட்டிருக்கீங்க?"

எழிலனின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின.

கஜபதி கொதிக்கும் காபியை ஒரே மடக்கில் விழுங்கினார்.

"முகூர்த்தத்த சித்திரைக்கு மேல பாருங்க சம்பந்தி" என்றார். "பையனுக்கு முடி வளரணும்."