சலூனுக்குள் ஓடிவந்தவள்

தைனான் நகரத்துச் சந்தின் மாலை வெயில் எங்கள் சலூன் கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. பயந்த பிள்ளைகள் இங்கே வரலாம் என்று பள்ளிக்கூடத்தார் ஒட்டிப்போன சிவப்பு இதயப் படம் கதவில் இருக்கிறது. அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மஞ்சள் தொப்பிச் சிறுமி ஒருத்தி உள்ளே ஓடிவருகிறாள். "அத்தை, அந்த ஆளு பின்னாடியே வர்றான்." வெளியே ஒரு ஸ்கூட்டர் உறுமியபடி நிற்கிறது. முடி வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறாள். அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, தொப்பியைக் கழற்றித் தலையில் துண்டைச் சுற்றுகிறாள், கழுத்துவரை போர்த்துகிறாள். முடிக்குச் சுருள் மாட்டிய பெண்களுக்கு நடுவே இப்போது இன்னொரு குட்டிப் பெண்மணி. முடி கூட்டிக்கொண்டிருந்த நான் அசையாமல் நிற்கிறேன். மீன்கடை பிஷியா, தலை முழுக்கச் சாயத்தோடு, வாசலுக்குப் போகிறாள். "என்னய்யா எட்டிப் பாக்குற? ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வா, உனக்கும் சுருட்டி விடுறோம்!" எதிரே நூடுல்ஸ் கடைக்காரர் நீளக் கரண்டியோடு வெளியே வருகிறார். பழக்கடைக்காரி எழுந்து நிற்கிறாள். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைகிறது. அம்மா துண்டை அவிழ்க்கப் போகிறாள். சிறுமி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். "வீடு வரைக்கும் இருக்கட்டும் அத்தை." துணைக்குப் போகச் சுருள்களோடு பெண்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள். பிஷியா நெற்றியில் வழியும் சாயத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடுகிறாள்.